அசையாத படமும் ஆடும் குழந்தையும்



நம் நாட்டின் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் வரலாறு தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுவது 2014ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்தப் பாடம் அரசர்களிடமிருந்தும் போர்களிலிருந்தும் தொடங்குவதில்லை. மாணவர் தம்மையும் தம் குடும்பத்தையும் அறிந்துகொள்வதிலிருந்து தொடங்குகிறது. இது நல்ல முறை என்பது என் கருத்து. ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சிறு பணி கொடுப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். நடை பழகிய வயதில் எடுத்த நிழற்படம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

எளிய பணி என்று தோன்றும். ஆனால் நல்ல படம் கொண்டுவருவோர் சிலரே. சிலர் கொண்டுவரும் படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கலங்கல் இருக்கும். சிலருடைய படத்தில் பிறந்தநாள் அணிச்சலின் முன் மிரண்டுபோய் அழுகின்ற பிள்ளை இருக்கும். இன்னும் சிலர், கைத்தொலைபேசி பழுதாகிவிட்டது, அதோடு படங்களும் போய்விட்டன என்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் இரண்டு வயது முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. படக்கருவி இல்லாத வீடே இல்லாத காலத்தில் இந்த நிலை!

ஓடிக்கொண்டே இருக்கும் குழந்தையைப் படம் எடுப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால், நிழற்படக் கலையின் வரலாறு முழுவதும் நம் முன் விரிகிறது. அந்த வரலாற்றில் நம் பினாங்கும் உண்டு, தமிழரும் உண்டு. அதைத்தான் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அசைந்தவர் மறைந்த படம்

பிரான்சு நாட்டின் லூயி டாகேர் 1838ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். பூலேவார் டியூ தாம்ப்ள் என்பது அந்தத் தெருவின் பெயர். மக்களும் குதிரை வண்டிகளும் நிறைந்த தெரு அது. ஆனால் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. காரணம் எளிது. அன்றைய தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. அந்த நேரத்தில் நடந்தவர், ஓடியவர், வண்டியில் போனவர் ஒருவரும் பதியவில்லை. ஒரு மூலையில் காலணிக்கு மெருகு போட நின்ற ஒருவரும் மெருகு போட்டவரும் மட்டும் பதிந்துவிட்டனர். நிழற்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் என்று அவர்கள் கருதப்படுகிறார்கள்.

அன்று அந்தத் தெருவில் குழந்தைகளும் ஓடியிருக்கக்கூடும். ஆனால் அசைந்தவருக்கு அந்தப் படத்தில் இடம் இல்லை. நிழற்படக் கலை குழந்தைக்குப் பகையான கலையாகவே பிறந்தது என்று சொல்வதில் தவறில்லை.

டாகேரின் முறை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஜோசப் பெட்ஸ்வால் என்னும் கணித அறிஞர், முன்னையவற்றைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விடும் வில்லை ஒன்றை வடிவமைத்தார். நிமிடங்கள் குறைந்தன. 1841ஆம் ஆண்டில் இலண்டனில் உருவப்பட நிலையங்கள் தோன்றின. பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்து, தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு, மூச்சை அடக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பழைய படங்களில் ஒருவரும் சிரிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிரிப்பை அவ்வளவு நேரம் முகத்தில் நிறுத்தி வைக்க யாரால் இயலும்?

நம் மண்ணுக்கு வந்த கதை

இந்தப் புதுமை விரைவிலேயே நம் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. மலாய் இலக்கியத்தின் முன்னோடியான முன்ஷி அப்துல்லா, தம் ‘ஹிக்காயாட் அப்துல்லா’ நூலில், அமெரிக்கப் போர்க்கப்பலில் வந்த மருத்துவர் ஒருவரிடம் தகட்டில் பதிந்த படத்தைக் கண்டு வியந்ததை எழுதியிருக்கிறார். இந்த வட்டாரத்தில் நிழற்படத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளுள் அதுவும் ஒன்று. அப்துல்லாவின் முன்னோர் நாகூரில் வாழ்ந்து, பின் மலாக்காவுக்கு வந்தவர்கள். அவரும் தமிழ் கற்றவர். ஆகவே இவ்வட்டாரத்தில் நிழற்படத்தைக் கண்டு முதலில் வியந்து எழுதிய கண்களுள் தமிழ் அறிந்த கண்களும் இருந்தன என்று நாம் மகிழலாம்.

1843ஆம் ஆண்டின் இறுதியில் காஸ்டன் டூட்ரோன்குவா என்பவர் சிங்கப்பூரில் தம் விடுதியிலேயே உருவப்படம் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். ஒருவருக்குக் கட்டணம் 10 வெள்ளி. இரண்டே நிமிடத்தில் உருவத்தைப் பதித்துவிடலாம் என்பது அவர் பெருமையாகச் சொன்ன செய்தி. இரண்டு வயதுப் பிள்ளையை இரண்டு நிமிடம் அசையாமல் உட்கார வைத்துப் பார்த்த பெற்றோருக்கு அதன் பொருள் நன்கு விளங்கும்.

பினாங்கின் கதைக்கு வருவோம். ஸ்காட்லாந்து நாட்டவரான ஜான் தாம்சன் 1862ஆம் ஆண்டில் கீழ்த்திசைக்கு வந்தார். பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையிலிருந்த வெல்லஸ்லி மாகாணத்திலும் ஏறத்தாழப் பத்து மாதங்கள் தங்கிப் படங்கள் எடுத்தார். அந்த அனுபவங்களை 1875ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அதில் நமக்கு முக்கியமான ஒரு குறிப்பு இருக்கிறது. பினாங்கில் தமக்கு உதவியாளர்களாகவும் படம் அச்சிடுபவர்களாகவும் மதராஸ்காரர் இருவரைப் பழக்கிக்கொண்டதாக அவர் கூறுகிறார். மனிதக் கை படாமல் உருவம் பதிவதைத் தீய வித்தை என்று எண்ணிச் சீனர்கள் அந்த வேலைக்கு வர மறுத்தார்கள் என்பது அவர் தரும் காரணம்.

அந்த இருவரும் தமிழராக இருக்க வாய்ப்பு மிகுதி. பினாங்கின் தொடக்ககால நிழற்படங்களை இரசாயனத்தில் நனைத்து, வெயிலில் காயவைத்து, தாளில் பதித்தவை அவர்களுடைய கைகள். ஆனால் மதராஸ்காரர் என்ற அளவிலேயே அவர்கள் நூலில் நிற்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் இதன் தேவை வரும்.

தாம்சனுக்குப் பிறகு டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டென் ஃபெய்ல்பெர்க் 1860களில் பினாங்கில் படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமானியர் ஆகஸ்ட் கௌல்ஃபுஸ் இங்கே தொழில் செய்தார். அவர்களிடம் சென்று படம் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் வணிகச் செல்வர்களுமே. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

முக்காட்டுக்குள் ஒரு தாய்

1851ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். நல்ல வெளிச்சத்தில் சில நொடிகளில் படம் பதிந்தது. இருந்தாலும் தகடு காய்வதற்குள் எல்லா வேலையும் முடிய வேண்டும். ஒரு தகடு வீணானால் மறுபடி புதிதாகப் பூசித் தொடங்க வேண்டும். குழந்தையோ சில நொடிகள் கூட நிற்காது.

அக்கால ஐரோப்பிய, அமெரிக்க நிலையங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. தாயை நாற்காலியில் அமர்த்தி, அவள் தலை முதல் கால் வரை ஒரு துணியைப் போர்த்திவிடுவார்கள். அவள் மடியில் குழந்தையை உட்கார வைத்து, துணிக்குள்ளிருந்தே பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். படத்தில் குழந்தை ஏதோ மூடிய இருக்கையில் இருப்பதுபோல் தோன்றும். உற்றுப் பார்த்தால் துணிக்கு அடியில் ஒரு மனித உருவம் தெரியும். இத்தகைய படங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ‘மறைந்திருக்கும் தாய்’ என்ற பெயரில் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் அதனினும் துயரமான வேறு வகைப் படமும் அக்காலத்தில் உண்டு. குழந்தை இறப்பு மிகுந்திருந்த காலம் அது. உயிரோடு இருந்தபோது படம் எடுக்க வசதியோ வாய்ப்போ இல்லாத குடும்பங்கள், குழந்தை இறந்த பின் நிழற்படக்காரரை வீட்டுக்கு அழைத்தன. ஒரே ஒரு நினைவாவது மிஞ்சட்டும் என்ற ஆசை. அந்தக் குழந்தைகள் அசையவில்லை. ஆகவே அப்படங்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன. பிள்ளையைப் பெற்றவர்கள் அந்தத் தெளிவைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. குழந்தை அசைந்து கலங்கிய படத்தைக் கண்டு சலித்துக்கொள்ளும் போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. அந்தக் கலங்கல் உயிரின் அடையாளம்.

கேமரன் அம்மையாரும் சிறுமி ஆன்னியும்

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆம் வயதில், 1863ஆம் ஆண்டில், மகள் பரிசளித்த படக்கருவியைக் கொண்டு நிழற்படம் பழகினார். தம் முதல் வெற்றி என்று அவரே பெயரிட்ட படம் 1864ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் எடுக்கப்பட்டது. ஆன்னி என்னும் சிறுமியின் முகம் அது.

அந்தப் படம் பிறந்த கதையைத் தம் நினைவுக் குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். முதலில் இரண்டு குழந்தைகளைச் சேர்த்து எடுக்க முயன்றார். அவர்களுள் ஒரு குழந்தைக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. படம் கெட்டது. பிறகு ஒரு குழந்தையை மட்டும் அமர்த்தினார். அசைந்தால் இரசாயனமும் தம் உழைப்பும் வீணாகிவிடும் என்று அந்தச் சிறுமியின் மனத்தில் படும்படி எடுத்துச் சொன்னார். அவள் அசையவில்லை. படம் வந்தது. மகிழ்ச்சி தாங்காமல் கேமரன் வீடெங்கும் ஓடி, அக்குழந்தைக்குக் கொடுக்கப் பரிசுகள் தேடினாராம். அந்தப் படத்தை முழுவதும் ஆன்னியே உருவாக்கியதாகத் தமக்குத் தோன்றியது என்கிறார்.

ஆசிரியர்களாகிய நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். இரும்புத் தாங்கியும் முக்காடும் செய்ய முடியாததை ஒரு பேச்சு செய்திருக்கிறது. கேமரன் அந்தச் சிறுமியை வேலையில் பங்காளியாக ஆக்கிக்கொண்டார். ஆன்னி அப்போது பள்ளி வயதுச் சிறுமி, ஆகவே சொன்னது புரிந்தது. இரண்டு வயதுக் குழந்தையிடம் இதே சொற்கள் பலிக்கா. ஆனால் மதிப்பு பலிக்கும்.

கேமரன் 1875ஆம் ஆண்டில் குடும்பத்தோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் ஊர் மக்களையும் படம் எடுத்தார். 1879ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். மலையகத்தின் பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த உழைப்பாளர் பலருக்குப் பெயர் இல்லை.

கருவி குழந்தையிடம் வந்தது

1871ஆம் ஆண்டில் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்ந்த தகட்டு முறைக்கு வழிகாட்டினார். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அது கடைச்சரக்காயிற்று. நொடியில் சிறு பங்கே படத்துக்குப் போதுமானது. 1887ஆம் ஆண்டில் செருமனியில் மக்னீசியம் கலந்த ஒளிவீச்சுத் தூள் வந்தது. வெடிபோல் ஒளிர்ந்து புகை கக்கும் அது குழந்தைகளை அலற வைத்தது. 1930 வாக்கில் கண்ணாடிக் குமிழுக்குள் ஒளிரும் விளக்கு அதன் இடத்தைப் பிடித்தது. 1900ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் ஒரு டாலர் விலையில் பிரௌனி என்னும் படக்கருவியை விற்றது. குழந்தைகளே பயன்படுத்தலாம் என்பதே அதன் விளம்பரம். அன்று முதல் படக்கருவி வீட்டுக்குள்ளும் முற்றத்துக்குள்ளும் நுழைந்தது.

இதற்கிடையே ஒரு சுவையான செய்தி. சார்லஸ் டார்வின் 1872ஆம் ஆண்டில் மனித உணர்ச்சிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு ஆஸ்கர் ரெய்லாண்டர் படங்கள் எடுத்துத் தந்தார். அவற்றுள் வாயை அகலத் திறந்து அழும் குழந்தையின் படம் பெரும் புகழ் பெற்று, தனிப்படமாகவும் மிகுதியாக விற்றது. புன்னகைக்கும் குழந்தையைத்தான் படம் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? அழுகையும் அந்த வயதின் உண்மைதான். எனினும் அன்றைய கருவியின் வேகம் முழுமையாகப் போதவில்லை. அப்படம் நிழற்படத்தைப் பார்த்து வரைந்த ஓவியத்தை மறுபடி படம் எடுத்தது என்று பிற்கால ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

இந்த வரலாற்றில் நான் காணும் உண்மை ஒன்று உண்டு. தொடக்கத்தில் கருவிக்கு ஏற்பக் குழந்தையை மாற்றப் பார்த்தார்கள். பிறகு குழந்தைக்கு ஏற்பக் கருவி மாறியது. ஒவ்வொரு முன்னேற்றமும் குழந்தைக்குக் கூடுதலாக அசைய இடம் கொடுத்தது. வகுப்பறைக்கும் இது பொருந்தும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் வீட்டுச் சுவரில்

நம்மவரின் படங்களைப் பார்ப்போம். தமிழகத்திலும் இலங்கையிலும் மலாயாவிலும் குழந்தைப் படத்துக்கென்று சில மரபுகள் வளர்ந்தன. குப்புற விழுந்து தலை தூக்கும் மாதத்தில் ஒரு படம். முதல் மொட்டைக்கு முன் ஆண்பிள்ளைக்கும் பாவாடை சட்டை அணிவித்து, பூச்சூட்டி, பொட்டிட்டு ஒரு படம். பெண்பிள்ளைக்குப் பூத்தைத்த சடை தெரியும்படி பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து ஒரு படம். கன்னத்தில் மறவாமல் திருஷ்டிப் பொட்டு. கண்ணன் வேடம் போட்டுக் கையில் குழல் கொடுத்து எடுப்பதும் உண்டு.

இத்தகைய படங்கள் வெறும் அலங்காரம் அல்ல. அவை சமூக வரலாற்றுச் சான்றுகள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழகப் படப்பிடிப்பு நிலையங்களின் பழைய படங்களைத் தேடி மின்னாக்கம் செய்துள்ளனர். நிலையங்கள் மூடப்படும்போது கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் குப்பைக்குப் போய்விடுகின்றன என்பதே அந்த முயற்சியின் பின்னணி.

மலாயாவில் நிலைமை இன்னும் வேறு. அவசரகாலம் தொடங்கிய 1948ஆம் ஆண்டில் அரசு, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. தம் வாழ்வில் எடுத்த முதல் படமே அந்த அட்டைப் படம்தான் என்று தோட்டப்புறத்தில் வளர்ந்த முதியவர்கள் சிலர் என்னிடம் கூறியிருக்கிறார்கள். சிந்தித்துப் பாருங்கள். அவர்களுடைய மழலை முகத்தை அறிந்தவர்கள் அவர்களைப் பெற்றவர்கள் மட்டுமே. பெற்றவர்கள் மறைந்தபோது அந்த முகமும் மறைந்துவிட்டது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகளையும், கரும்புத் தொட்டிலில் பெற்றோர் சுமந்து செல்லும் பச்சிளங் குழந்தைகளையும் காண்கிறோம். இன்று நூறு கைத்தொலைபேசிகள் அவர்களைப் படம் எடுக்கின்றன. தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்று பேரனுக்கு அள்ளக் குறையாமல் கிடைக்கிறது. ஆனால் அது நிலைக்குமா என்பதே கேள்வி.

கணினிக் காலத்தின் மூன்று படங்கள்

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஒரு நிழற்படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் எண்களாக மாற்றினார்கள். அகலம் 176, உயரம் 176 என்ற அளவில் புள்ளிகள். அந்தப் படத்தில் இருந்தவர் யார் தெரியுமா? கிர்ஷின் மூன்று மாத மகன். 

1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் எண்முறைப் படக்கருவியை உருவாக்கினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 நொடிகள் ஆயின.

1997ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிலிப் கான் என்பவர் கலிஃபோர்னியாவில் ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் காத்திருந்தார். கையிலிருந்த எண்முறைப் படக்கருவியையும் கைத்தொலைபேசியையும் மடிக்கணினியையும் இணைத்து, அப்போதுதான் பிறந்த தம் மகளின் படத்தை உறவினருக்கும் நண்பருக்கும் உடனே அனுப்பினார். கைத்தொலைபேசி வழியாக உடனுக்குடன் பகிரப்பட்ட முதல் படம் அது என்பர்.

மூன்றில் இரண்டு, பெற்ற பிள்ளையின் படங்கள்! புதிய கருவி எது வந்தாலும் அதைக் கொண்டு தந்தை முதலில் தேடுவது தன் குழந்தையின் முகத்தையே போலும்.

நம் வட்டாரமும் இக்கதையோடு தொடர்புடையதுதான். 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில் முதலில் கால் வைத்த எட்டு நிறுவனங்களுள் லிட்ரோனிக்ஸ் என்னும் ஒளியுமிழ் விளக்கு நிறுவனமும் ஒன்று. அந்தத் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் என்றே வளர்ந்த நகர்களுள் நம் பாயான் பாருவும் அடங்கும். நம் மாணவர்களின் பெற்றோர் பலர் அங்கே மின்னணுப் பாகங்களோடு வேலை செய்கிறவர்கள். கைத்தொலைபேசியின் முதுகில் பளிச்சிடும் விளக்கும் அந்த ஒளியுமிழ் விளக்கு வகையைச் சேர்ந்ததே.

பிள்ளைத்தமிழ் காட்டும் வழி

அசையும் குழந்தையை எப்படிப் பதிவு செய்வது என்ற கேள்விக்கு, படக்கருவி பிறப்பதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் விடை கண்டுவிட்டனர். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் பாடினார். அதற்கு முன்பே பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிவிட்டார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையை ஆட்டுவது செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துத் தட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு நம்மை நோக்கி வருவது வாரானை. நிலவைக் கை நீட்டி அழைப்பது அம்புலி. மணல்வீட்டைச் சிதைப்பது சிற்றில். முழக்குவது சிறுபறை. இழுத்துக்கொண்டு ஓடுவது சிறுதேர்.

பெரும்பாலான பருவங்கள் ஓர் அசைவையே கொண்டிருக்கின்றன. தாலாட்டும் பருவம் ஒன்றில்தான் குழந்தை உறங்குகிறது. ‘அசையாதே, இங்கே பார்’ என்று எந்தப் புலவரும் பாடவில்லை. குழந்தையின் அழகு அதன் அசைவில் இருக்கிறது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

செய்து பார்க்க

இந்த வரலாற்றிலிருந்து பெற்றோரும் பாலர்பள்ளி ஆசிரியரும் எடுத்துக்கொள்ளத் தக்கவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வெளிச்சம். பழைய நிலையங்களுக்குக் கண்ணாடிக் கூரை இருந்தது எதற்காக? ஒளி மிகுந்தால் படம் பதியும் நேரம் குறையும். நம் அடுக்குமாடி வீட்டில் கண்ணாடிக் கூரை இல்லை, ஆனால் சன்னல் இருக்கிறது. வெயில் நேரே விழாத சன்னல் ஓரத்திலோ ஐந்தடி வழியின் நிழலிலோ குழந்தையை விளையாட விடுங்கள். முகத்தில் மென்மையான ஒளி விழும். ஒளிவீச்சு விளக்கை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, வேகம். கருவியில் மூடுவேகத்தை அமைக்க முடியுமானால், நடக்கும் குழந்தைக்கு நொடியின் 250இல் ஒரு பங்கும், ஓடிக் குதிக்கும் குழந்தைக்கு 500இல் ஒரு பங்கும் வையுங்கள். கைத்தொலைபேசியானால் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். இருபதில் ஒன்று நன்றாக அமையும். மற்றவற்றை அன்றே நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, உயரம். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் பதியும். மண்டியிடுங்கள், தேவையானால் தரையில் படுங்கள். குழந்தையின் கண்ணும் கருவியின் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

நான்காவது, நேரம். உறங்கி எழுந்து, பசியாறி முடித்த பின் எடுங்கள். பசியும் தூக்கமும் சேர்ந்த வேளையில் எந்தக் கருவியும் உதவாது. புத்தாடை உறுத்துமானால் பழகிய சட்டையே போதும்.

ஐந்தாவது, பருவம். சப்பாணிப் பருவத்துக் குழந்தையைக் கைதட்ட விடுங்கள். வாரானைப் பருவத்துக் குழந்தையைப் பாட்டி மடியிலிருந்து உங்களை நோக்கி நடந்து வரச் செய்யுங்கள். அம்புலிப் பருவத்தில் சன்னலுக்கு வெளியே காக்கையைக் காட்டுங்கள். ‘சிரி, சிரி’ என்று கெஞ்சினால் பல்லைக் கடித்த முகந்தான் கிடைக்கும். பழைய படக்காரர்கள் கருவியின் பக்கத்தில் பொம்மைப் பறவையை ஆட்டியது இதனால்தான்.

ஆறாவது, தாய். முக்காட்டுக்குள் ஒளிய வேண்டாம். குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் அம்மாவும் படத்தில் வரட்டும். பெரும்பாலான வீடுகளில் படம் எடுப்பவர் அம்மா. அதனால் அவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. இருபது ஆண்டு கழித்துப் பிள்ளை தேடப்போவது அந்த முகத்தையும்தான்.

பெயரில்லாத முகங்கள்

தாம்சனிடம் வேலை செய்த மதராஸ்காரர் இருவரை நினைவில் வைக்கச் சொன்னேன். கேமரன் எடுத்த இலங்கைத் தொழிலாளரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய உழைப்பும் முகமும் இருக்கின்றன, பெயர் இல்லை. பிறர் நம்மைப் பதிவு செய்தபோது அப்படி ஆயிற்று. இன்று நம் பிள்ளைகளைப் பதிவு செய்பவர்கள் நாமே. இப்போதும் பெயர் இல்லாமல் போனால் யாரைக் குறை சொல்வது?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்துத் தாளில் அச்சிடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் குழந்தையின் முழுப்பெயர், நாள், இடம், உடனிருப்பவர் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த அண்ணனோ அக்காளோ வீட்டில் இருந்தால் அவர்களை எழுதச் சொல்லுங்கள். அது நல்ல எழுத்துப் பயிற்சியும் ஆகும். மற்றொரு படியை உறவினர் வீட்டில் வையுங்கள். நம் காலநிலையில் ஈரமும் கரையானும் தாளைத் தின்றுவிடும். மூடியிட்ட பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைப்பது நலம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பள்ளி நிகழ்ச்சியில் எடுத்த மாணவர் படத்தை இணையத்தில் இடுவதற்கு முன் பெற்றோரின் இசைவைப் பெறுங்கள். வீட்டுப் பெட்டியில் பெயர் எழுதி வைப்பது வேறு. முன்பின் தெரியாதவர் பார்க்கும் இடத்தில் குழந்தையின் முகத்தையும் பெயரையும் பள்ளியையும் சேர்த்து வெளியிடுவது வேறு. முன்னது பாதுகாப்பு, பின்னது ஆபத்து.

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் மழலை முகத்தைக் கையில் ஏந்தி, ‘இது நான், இது என் பாட்டி, இது எங்கள் வீடு’ என்று சொல்லும் நாள் வர வேண்டும். அதுவே அப்பிள்ளை படிக்கும் முதல் வரலாற்று ஆவணம்.

உங்கள் வீட்டுப் பழைய படங்களைப் பெரியவர்களிடம் காட்டி, அவற்றில் இருப்பவர்களின் பெயர்களை இந்த வாரமே கேட்டு எழுதத் தொடங்குங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.